தட்டினால் விட்டுவிட வேண்டும்

1

இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை. என் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டி கெட்டுப்போனதில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு நீங்கள் என் சட்டையைப் பிடிக்க மாட்டீர்கள்.

மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் உடல்நலச் சிறப்பிதழ் கொண்டுவருகிறார். "தற்காப்புக் கலையால மனசு எப்படிப் பக்குவப்படுதுன்னு ஒரு கதை குடுங்க. படிச்சு முடிச்சதும் வாசகருக்கு ஒரு அமைதி வரணும்" என்றார். என் கதைகளைப் படித்தவர்களுக்கு இதுவரை தூக்கம்தான் வந்திருக்கிறது, அதை அமைதியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பக்குவப்பட்டவர் போலிருக்கிறது.

அன்று மாலை அந்தப் பெட்டி ஒழுகிச் சமையலறையைக் குளமாக்கியது. புகார் எண்ணை அழைத்து, எதிர்முனையில் பேசிய பெண்மணியின் தலையில் என் மொழிவளம் முழுவதையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் மட்டும் சொன்னார்:

"சார், எவ்வளவு வேணா திட்டுங்க. போதும்னு தோணும்போது மேசைய ரெண்டு தட்டு தட்டுங்க. அப்புறம் பேசலாம்."

என்ன நினைத்தேனோ, தட்டினேன்.

"ஆங். இப்ப சொல்லுங்க, எந்தப் பக்கம் ஒழுகுது?"

இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சொன்னார். நீங்கள் படிக்கப்போவது அதைத்தான். நடுநடுவே என் கைவரிசையும் உண்டு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. வெண்ணிற உடையில் அவள் ஒரு நாணலைப் போல அசைந்து"

நிறுத்திவிட்டேன். அவர் நாணல் இல்லை. நாற்பத்தெட்டு வயது, புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர், மூட்டுவலித் தைலம் கைப்பையிலேயே இருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. நானும் அப்படியே எழுதுகிறேன். (தொலைபேசியில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி: "வீரம் என்பது"

இப்படித் தொடங்கும் எதையும் நான் படிப்பதில்லை. உங்களை மட்டும் ஏன் படிக்க வைக்க வேண்டும்?

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: மெத்தைக் கடையின் மாடியில் ஒரு கிடங்கு. விற்காத மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு நடுவில் நீல நிற ரப்பர் விரிப்பைப் போட்டால் அது பயிற்சிக்கூடம். எந்நேரமும் புது பிளாஸ்டிக் உறையின் வாசனை. மாஸ்டர் பகலில் கீழே மெத்தை விற்பவர், அக்காவைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். கீழே "இது முதுகுக்கு நல்லது மேடம்" என்று சொல்லும் அதே குழைவான குரலில் மாடியில் "இது மனசுக்கு நல்லது" என்பார். கண்ணை மூடிக்கொண்டு பேசுவது அவருக்குப் பிடிக்கும்.

"எதிரி வெளியில இல்ல. உங்களுக்குள்ளதான் இருக்கார். மூச்சைக் கவனிங்க, எதிரி கரைஞ்சிடுவார்."

அக்கா கவனித்தாள். ஊரார் புகாரையெல்லாம் கேட்டுக் கேட்டு இரத்த அழுத்தம் ஏறியதால் டாக்டர் துரத்தியனுப்பி வந்தவள். மூச்சைக் கவனித்தால் இரவு உலைக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதுதான் நினைவுக்கு வந்தது. எதிரி யாரும் தென்படவில்லை.

அடுத்த வாரம் தென்பட்டார். வெளியில்தான் இருந்தார். அக்காவின் மூக்கை அப்படியே அச்சு எடுத்து ஒட்டிய முகத்தோடு, படியேறி உள்ளே வந்தார்.

3

அக்காவின் தம்பி. கால்நடை மருத்துவர், மாட்டைப் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி, ஊசி போடுவதெல்லாம் அடுக்குமாடி வீட்டுப் பூனைகளுக்கு. ஆகவே பூனை டாக்டர். குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், உடம்பை வளைக்கலாம் என்று அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தான்.

இருவரும் பேசி ஒரு வருடம் ஆகிறது. காரணத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அப்பாவை வண்டி ஓட்ட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். பாவம், ஆசைப்படுகிறார் என்று தம்பி சாவியைக் கொடுத்தான். அப்பா நேராகப் போய்ச் சுவரில் முட்டினார். நெற்றியில் தையலோடு தப்பித்தார். பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் புரை.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா கேட்டாள்: "ஊர்ப் பூனைக்கெல்லாம் கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்குற. பெத்த அப்பன் கண்ணுல புரை விழுந்தது உனக்குத் தெரியலையா? உன்ன நம்பி பூனையக்கூட விடக் கூடாதுடா."

பக்கத்து நாற்காலியில் தம்பியிடம் பூனை காட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்ததுதான் வினை. தம்பி காது சிவக்க எழுந்தான். "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்பா மாதம் ஒரு வீட்டில் இருந்துகொண்டு இருவருக்கும் தபால்காரர் வேலை பார்த்தார். அதில் சலித்துப்போய்க் கடைசியில் வேலைநிறுத்தம் அறிவித்தார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டு, ஒரே பெஞ்சுல வந்து உக்காருங்க. அப்பதான் கண்ணைக் காட்டுவேன். இல்லாட்டி எனக்கு வெளிச்சமே வேண்டாம்." சொன்னபடியே அறுவைச் சிகிச்சையை ஒரு முறை தட்டிக்கழித்துவிட்டார். அடுத்த தேதி ஒரு வியாழக்கிழமை. இன்னும் தள்ளினால் சிக்கலாகிவிடும் என்று கண் டாக்டர் எச்சரித்திருந்தார்.

பேசுவதில் இருவருக்குமே ஆட்சேபம் இல்லை. முதலில் மற்றவர் பேச வேண்டும், அவ்வளவுதான்.

4

கூடத்தில் இரண்டு விதிகள். பயிற்சியின்போது பேசக் கூடாது. பிடியில் மாட்டியவருக்கு வலி தாங்கவில்லை என்றால், எதிராளியின் உடம்பையோ விரிப்பையோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய நொடியே விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அப்புறம் சொல்லிக்காட்டவும் கூடாது.

மாஸ்டர் எடைக்கு எடை பார்த்து ஜோடி சேர்ப்பார். அக்கா தன் எடையில் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தாள். தம்பியும் அதே அளவு குறைத்துச் சொன்னான். பொய் சரியாகப் பொருந்தியது.*

(*இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது அக்கா ஆட்சேபித்தார்: "நான் பொய் சொல்லல சார். பழைய எடையச் சொன்னேன்.")

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூடத்தைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யார் முதலில் போவது? இரண்டு வாரம் குனிந்து வணங்கினார்கள், பிடித்தார்கள், புரண்டார்கள். ஒரு சொல் கிடையாது. அதைவிட வேடிக்கை, இருவரில் ஒருவரும் ஒருமுறைகூடத் தட்டவில்லை. மாஸ்டர் மற்றவர்களுக்கு இவர்களைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு ஆழ்ந்த மௌனம்" என்றார்.

(இங்கே ஒரு சந்தேகம். கதையை வாசித்த என் மனைவி, "இந்தத் தம்பிக்கு வாயே கிடையாதா? மரக்கட்டை மாதிரி இருக்கான்" என்கிறாள். நியாயம்தான். அவன் மனதுக்குள் ஒரு பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அவன் கதவைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், பேசுவான்.)

5

செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு நடுவில் இன்னும் ஒரே ஒரு நாள். மாஸ்டர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும். "மனக்கண்ணால பாருங்க" என்று சொல்லிவிட்டு அவரும் மூடிக்கொண்டார்.

அக்கா மூடவில்லை. தம்பி குப்புறக் கிடந்தான். பக்கத்தில் முட்டி போட்டு, அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிப் பிடித்திருந்தாள். முறையான பிடி. இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள். தட்டவில்லை. இன்னும் கொஞ்சம். அவனுடைய இடது கை விரிப்பின் மேல் சும்மாதான் கிடந்தது. இரண்டு தட்டு தட்ட எவ்வளவு நேரமாகும்?

தட்டட்டும். அவனே தட்டட்டும். அந்த மூக்குக்கு அவ்வளவு திமிர் ஆகாது.

அப்போதுதான் அவன் காதைப் பார்த்தாள். சிவந்திருந்தது. சின்ன வயதில் ரயிலில் ஜன்னல் ஓர இருக்கைக்காக இவள் கையை முறுக்கும்போதும் இதே காதுதான் இப்படிச் சிவக்கும். வாயைத் திறந்து 'விடு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஜன்னலையும் விட்டுக்கொடுத்ததில்லை. காதுக்குப் பக்கத்தில் இப்போது நரைமுடி. மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. மூச்சைக் கவனிக்கச் சொல்லி இத்தனை வாரமாக மாஸ்டர் உயிரை எடுத்ததில் அவளுக்கு முதல்முறையாக ஒரு மூச்சு உண்மையாகவே கேட்டது. அது அவளுடையது இல்லை என்பதுதான் விஷயம்.

இனி ஒரு விரல்கடை தூக்கினால்

6

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி: "படக்." எலும்பு விலகுகிறது. பூனை டாக்டருக்குக் கத்தி பிடிக்கும் கை போகிறது, அப்பாவுக்குக் கண் போகிறது. எழுதியும் பார்த்தேன். 'படக்' என்ற அந்தச் சொல் தாளில் மிக அழகாக உட்கார்ந்திருந்தது. ஒரு நல்ல சத்தத்துக்காக அடுத்தவன் தோளை முறிக்கிற பழக்கம் எழுத்தாளர்களுக்கு உண்டு. அடித்துவிட்டேன்.

இரண்டாம் வழி, ஆசிரியர் விரும்புவது: அக்காவின் உள்ளத்தில் பேரொளி பரவுகிறது. இருவரும் கண்ணீர் மல்கத் தழுவிக்கொள்கிறார்கள். மெத்தைகளும் கசிந்துருகுகின்றன. இதை எழுத ஆரம்பித்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது வழி, அக்கா சொன்னது. அவள் தட்டினாள்.

ஆம், பிடித்திருந்தவள். தம்பியின் முதுகில், இரண்டு தட்டு.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டினால் விட்டுவிட வேண்டும். ஆனால் விடுவதற்கு அவன் கையில் என்ன இருக்கிறது? கழுத்தைத் திருப்பினான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்:

"நீதானே பிடிச்சிருக்க. நீ எதுக்குத் தட்டுற?"

"நீ தட்ட மாட்ட. யாராவது ஒருத்தர் தட்டணும்ல." பிடியை விட்டாள்.

"தட்டலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? கை கழண்டதுக்கு அப்புறமா?"

தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். "மொதல்ல நகத்த வெட்டு. நான் பாக்குற பூனைங்களே தேவல."

"வியாழக்கிழமை எட்டு மணிக்கு அங்க இருக்கணும்."

"தெரியும். நானே வந்து உன்னையும் அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"வண்டிய யாரு ஓட்டுறது?"

"நான்தான்க்கா. சாவி என்கிட்டதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முதலில் சிரித்தது அக்கா. பிறகு அவனும். ஒரு வருடமாக இறுக்கிக் கட்டி வைத்திருந்த சிரிப்பு, அவிழ்ந்து உருண்டது.

மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "பயிற்சியில பேசக் கூடாது." நிலைமையைப் பார்த்துவிட்டு இன்னொரு கண்ணையும் திறந்தார். "எல்லாரும் கவனிங்க. ஜெயிக்கக்கூடிய இடத்துல ஜெயத்தைத் துறக்கிறது. இதைத்தான் நான் இவ்வளவு நாளா..."

"நீங்க கண்ணை மூடிக்கிட்டுதானே இருந்தீங்க மாஸ்டர்?" என்றான் பூனை டாக்டர்.

7

வியாழக்கிழமை காலை கண் மருத்துவமனையில் ஒரே பெஞ்சில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தண்ணீர்ப் புட்டியும் அப்பாவின் செருப்பும். ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதில் சிறு தகராறு, தம்பி ஜெயித்தான். ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்த அப்பா, தாதியின் கையைப் பிடித்தபடி வராந்தாவின் வாசலில் நின்று கேட்டார்:

"ரெண்டு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்ப்பா."

ஒரே நேரத்தில், ஒரே குரலில். அப்பா அதற்குப் பிறகு எந்தத் தபாலையும் எடுத்துப் போகவில்லை.

என் பெட்டியின் ஒழுகல் நின்ற அன்று, நன்றி சொல்ல அக்காவை அழைத்தேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். காது சிவந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் சொன்னார்:

"நல்லா இருக்கு சார். ஆனா நான் தட்டினது அதுக்கில்ல. முட்டி போட்டு உக்காந்ததுல கால் மரத்துப் போச்சு. அதான்."

"நிஜமாவா?"

"ஃபில்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும் சார். மறந்துடாதீங்க."

ஆக, அது பாசமா, கால் மரத்ததா? மனம் பக்குவப்பட்டதென்று வைத்தால் ஆசிரியருக்கு மகிழ்ச்சி. கால் மரத்ததென்று வைத்தால் எனக்கு மகிழ்ச்சி. எதை வைத்தாலும் அப்பாவின் கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. அதை நாம் யாரும் மாற்றப்போவதில்லை. காரணத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை முறுக்கிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. இன்னொரு பத்தி எழுதினால் அக்கா உண்மையைச் சொல்லிவிடுவார், இன்னொரு பக்கம் எழுதினால் தம்பியும் கதவைத் திறப்பான், இனி ஒரு விரல்கடை தூக்கினால்

வேண்டாம். பிடித்துக்கொண்டிருப்பவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் இவ்வளவு தூரம் தட்டாமல் வந்துவிட்டீர்கள், நல்ல பிடிவாதக்காரர்தான். யாராவது ஒருவர் தட்டியாக வேண்டுமே.

டொக். டொக்.