கண்ணாடி ஏற்றிக் கடந்த ஆறு

…வாருங்கள், ஓர் ஆற்றின் பெயரைப் பறித்த அநியாயத்தை வந்து பாருங்கள். பறித்தவன் எவனோ கோடீசுவரன் என்று பல்லைக் கடிக்காதீர்கள், பறித்தவன் நான், மனோகரன், பயண எழுத்தாளன், காட்டுப்பாக்கத்து அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் அமர்ந்து ஆறுகளைப் போற்றுகிறவன்… ஆடியில் திருவையாறு, ஐப்பசியில் பாபநாசம், மார்கழியில் பவானி என்று பருவத்துக்கு ஓர் ஆற்றங்கரை ஊராகப் பத்தாண்டுகள் காரோட்டினேன், படித்துறைதோறும் அமர்ந்தேன், பக்கம் பக்கமாக உருகினேன். ஊர் திரும்பிய பின் ஆவடிச் சாலைப் பாலத்தைக் கடக்கையில் மட்டும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன், கீழே நாறும் கூவம்… அந்தப் பயணங்களைத் தொகுத்த நூலின் முன்னுரையில் அலங்காரத்துக்காக ஒரு வரி எழுதினேன், 'என் வீட்டருகே ஓடுவது ஆறன்று, கழிவுநீர்க் கால்வாய். அதனாலேயே ஆறு தேடி அலைகிறேன்'… நல்ல வரி என்று நானே மெச்சிக்கொண்டேனே, அது யார் கழுத்தில் போய் விழும் என்று ஒரு கணமேனும் எண்ணினேனா?

விழுந்தது வடிவின் கழுத்தில். பாரிவாக்கத்துக்கு வடக்கே அந்தக் கரையில் தலைமுறையாகக் கீரை பயிரிடும் குடும்பம். கரையை மண்ணடித்து மூடிப் புதிய அடுக்ககத்துக்குச் சாலை போட விரும்பும் நிறுவனம், 'இது ஆறே அல்ல, எழுத்தாளரே எழுதியிருக்கிறார்' என்று என் முன்னுரையை நகலெடுத்து மனுவோடு இணைத்துவிட்டது. ஆறு என்றால் கரையைத் தொடக்கூடாது, கால்வாய் என்றால் தொடலாம், ஒரே ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சோறு தொங்குகிறது… இன்று பதினொரு மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த மனு மீது விசாரணை, என் வரியைத் திரும்பப் பெறப் போகிறேன், தை மாதத்து வானம் ஏன் இப்படி இருண்டு கிடக்கிறது, பூந்தமல்லி நெரிசலில் கார் அங்குலம் அங்குலமாக நகர்கிறது, பக்கத்தில் வடிவு, பின்னிருக்கையில் அவர் தம்பி கங்காதரன். "இன்னா சார், ஊரூரா போயி ஆத்துல காலு நனைச்சிகினு வந்த, எங்க ஆத்தாண்ட மட்டும் எறங்கவே இல்லியே?" என்கிறார் வடிவு. "சும்மா இரு அக்கா, அண்ணாத்தே சென்ட்டு போட்டுகினு போறவரு, எறங்கினா நாத்தம் ஒட்டிக்கும்ல?" என்று சிரிக்கிறார் கங்காதரன். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய… "கூவம் கூவம்னு நீங்கதான் திட்றீங்க, எங்களுக்கு அது ஆறு சார். போன ஐப்பசில பாத்தியெல்லாம் முழுகிப்போச்சி, இவன் வல போட்டு கெண்ட புடிச்சான், ஊடே கொயம்பு வாசன" என்றார் வடிவு, அந்தக் கெண்டையைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றியது, என் மனம் அதற்குள் அதற்கொரு வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டது, வெட்கங்கெட்ட மனம்…

விசாரணை அலுவலர் நல்லவராகத்தான் தெரிந்தார். என் மறுப்புரையைப் பொறுமையாகக் கேட்டார், பிறகு ஒரே கேள்வி: "மழைக்காலத்துல நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா சார்?" வடிவு என்னைப் பார்த்தார், சொற்கள் நாவின் நுனியில் நின்றன, இரு கரை முட்டும் வெள்ளம், துள்ளும் கெண்டை, எந்த ஊர் ஆற்றையும் எடுத்து இங்கே ஓடவிட என்னால் முடியும், அதுதானே என் தொழில்… ஆனால் காணாமல் எழுதிய ஒரு வரிதானே இவர்களை இங்கே இழுத்து வந்தது, காணாத இன்னொன்றால் அதைக் கழுவுவதா? "இல்லை" என்றேன். நேரில் கண்ட மற்றவர்கள் பதினைந்து நாளில் எழுதித் தரலாம், என் மறுப்பும் அந்தக் கரையில் பிழைக்கும் வடிவின் சொல்லும் மட்டும் போதா என்றார் அலுவலர். படியிறங்கும்போது வடிவு திரும்பிப் பாராமலே சொன்னார், "உண்மைய பேச இன்னிக்குத்தான் உனுக்கு நாளு கெட்ச்சிதா சார்?" நான் காத்தது உண்மையையா, இல்லை இப்போதும் என் எழுத்தின் மானத்தைத்தானா… தெரியவில்லை, அந்த ஐயத்தை நானே சுமக்கிறேன், நீங்கள் சுமக்க வேண்டியது வேறு. ஆவடியில், அம்பத்தூரில், மண்ணூர்பேட்டையில், பூந்தமல்லியில் வாழ்வோரே, அந்தப் பாலங்களை மழையில் கடந்தவர்கள் நீங்கள். கண்டதை எழுதுங்கள், நாளும் இடமும் போட்டுக் கையெழுத்திடுங்கள், பதினைந்து நாள்களுக்குள் அந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள், அது ஆறு என்று சொல்லுங்கள்!