காட்டில் பால் கிடைக்கும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேத்தண்ணிக் கடையில் கிடைத்தது. மலாக்காவில், காஜா பேராங் சாலையோரக் கடை. பக்கத்து மேசையில் இருந்தவர் தன் கூட்டாளியிடம், "எங்கப்பாரு காட்டுலதான் செத்தாரு" என்றார். நான் உடனே புலியைக் கற்பனை செய்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த வியாதி உண்டு. யாராவது இரண்டு சொல் சொன்னால் மீதியை அவனே போட்டுக்கொள்வான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "புலியாங்க?" என்று கேட்டும் விட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சைக்கிள்லேருந்து வுழுந்தாருங்க. பால்மரக் காட்டுல ஏதுங்க புலி?"

கடைத்தெருவில் வளர்ந்த எனக்குக் காடு என்றால் வழி தெரியாத இடம். தோட்டத்தில் வளர்ந்த அவருக்குக் காடு என்றால் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நிற்கும் இடம். விடிந்தால் வேலைக்குப் போகிற இடம். அசடு வழியச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

அடர்ந்த கானகத்தின் நடுவே ஆதவன் தன் பொற்கதிர்களைப் பாய்ச்சி, பறவைகள் பண்ணிசைக்க—

(வேண்டாம். இதைப் படித்தால் கதையில் வரும் பிள்ளைகளே சிரிப்பார்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

வெள்ளைக்காரர் ஆட்சியில், சினங்கொண்ட யானை என்று பெயர் வைத்திருந்த ஊரில், யானையைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு வாத்தியார்—

(காஜா என்றால் யானை, பேராங் என்றால் சினம். மலாய்க்காரர்கள் எந்த யானையைப் பார்த்து, அதற்கு என்ன கோபம் என்று கண்டு இந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. ஆனால் வாத்தியாரைக் கேலி செய்து தொடங்கினால் பிறகு உங்களுக்கு அவர்மேல் பிரியம் வராது. எனக்கு அவர்மேல் பிரியம் இருக்கிறது. அதனால் இதையும் விட்டுவிடுகிறேன்.)

நேராகவே சொல்லிவிடலாம்.

3

வாத்தியார் பெயர் அப்துல் கய்யூம். அவருடைய அண்ணனுக்குப் பண்டார் ஹிலிரில் துணிக்கடை. தம்பி கல்லாவில் உட்காராமல் காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொண்டிருப்பதை அண்ணன் ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். கய்யூமுக்கு அது விளையாட்டில்லை. அவருக்குப் பிள்ளைகளின் குரல் பிடிக்கும். பலகைமேல் அவர்கள் எழுதி அழிக்கிற சத்தம் பிடிக்கும். சொல்லித் தந்தது ஒரு பிள்ளைக்குப் பிடிபடும்போது அதன் புருவம் கொஞ்சம் உயருமே, அதற்காக அவர் பல துணிக்கடைகளை விட்டுக்கொடுப்பார்.

பாடப்புத்தகம் சென்னையிலிருந்து வரும். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் 'காடும் அதன் பயன்களும்' என்று ஒரு பாடம். காடு இயற்கை நமக்கு அளித்த செல்வம். அங்கே தேக்கும் சந்தனமும் அகிலும் தேனும் மெழுகும் கிடைக்கும். காட்டை அழித்தால் மழை குறையும். கய்யூம் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் அதை ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். சந்தனத்தை யாரும் மரமாகப் பார்த்ததில்லை, அவர் உட்பட.

ஒரு நாள் அவர் வழக்கத்துக்கு மாறாக, "காடுன்னா என்னடா?" என்று கேட்டார். கம்போங் செட்டியிலிருந்து வரும் இராமலிங்கம்தான் முதலில் எழுந்தான். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி ஊறிப்போன அந்தச் செட்டி வீடுகளில் பேச்சு மலாய்தான். கோயிலில் தேவாரம் வாசிக்கட்டும் என்று அவனைத் தமிழுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஊத்தான், சார்."

"அது மலாய். தமிழ்ல சொல்லு."

அவன் யோசித்தான். "உள்ளே ஹந்து ஆடா, சார்" என்றான். உள்ளே பேய் இருக்கிறதாம். தமிழில் சொல் என்றதற்கு முதல் சொல்லை மட்டும் தமிழாக்கி ஒப்பேற்றிவிட்டான்.

வகுப்பு சிரித்தது. கய்யூமும் சிரித்தார். சந்தனம் மணக்கும் பாடத்துக்குள் இவன் பேயைக் கொண்டுவந்து நிறுத்துகிறானே, மற்றதுகள் மனசில் எல்லாம் என்ன காடு இருக்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தார். கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரைமேல் மழை விழுந்தால் அந்த வீட்டில் யார் பேசுவதும் கேட்காது.

(இராமலிங்கத்துக்கு இந்தக் கதையில் இதற்குமேல் வேலை இல்லை. படித்துப் பார்த்த நண்பர் அவனை எடுத்துவிடு என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையை எப்படி வெளியே அனுப்புவது? இருக்கட்டும்.)

4

அஞ்சலையைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம். கெட்டிக்காரப் பெண், ஏழை வீட்டுப் பெண், படிப்பு நின்றுவிடும் நிலையில் இருக்கும் பெண் என்று எழுதினால் இவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்பீர்கள். ஆகவே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. கணக்கில் மந்தம். 'ழ' வராது. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்வாள். ஐந்து விரலையும் காட்டி "எத்தனை?" என்று கேட்டால், "கட்டை விரலையும் சேத்தாய்யா?" என்பாள். இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் வாத்தியாருக்குத் தலைவலி. கய்யூமுக்கு அவளிடம் தனிப் பிரியம் இருந்தது.

அப்பா பிச்சை, புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மகளைச் சித்தி பாக்கியத்தின் வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தார். அந்த வருஷம் பரீட்சைக்கு முன்பு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"வாத்தியாரய்யா, தொரை வந்து பாஸ் போட்டுட்டா நாலாவதும் படிக்கட்டும். போடலேன்னா காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். நெரையில புல்லு புடுங்க ஆளு கேக்குறாங்க."

"சின்னப் புள்ள பிச்சை."

"எல்லாம் சின்னதுலதாங்கய்யா போறது. நானும் அப்படித்தான் போனேன்."

அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அஞ்சலை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பாடத்தில் 'காடு' என்று வரும்போதெல்லாம் அவள் குரல் மட்டும் இறங்கும். கய்யூம் அதைக் கவனித்தார். ஏனென்று அவருக்குப் புரியவில்லை. பிச்சை சொன்ன காடும் பாடத்தில் உள்ள காடும் அவர் மனசில் இரண்டு வெவ்வேறு அறைகளில் இருந்தன.

5

துரை வந்தார். பள்ளிகளைப் பரிசோதிக்கிற அதிகாரி. (பெயர் வேண்டாம், நான் புனைந்த துரை, துரை என்றே இருக்கட்டும்.) புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்ட மானேஜர் அவருக்குச் சிநேகிதர். அவர் பங்களாவில் தங்கி, அவருடைய மோட்டாரிலேயே வந்து இறங்கினார். நல்ல மனிதர். தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். புத்தகத்தில் உள்ள சொல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். வீடுகளில் பேசுகிற தமிழ் பாதியும் புரியாது.

காட்டுப் பாடத்தைத்தான் எடுத்தார். பிள்ளைகள் ராகம் போட்டார்கள். துரைக்குச் சந்தோஷம். பிறகு அஞ்சலையைக் கைகாட்டி எழுப்பினார். புத்தகத்துக் கேள்வி, 'காட்டில் என்ன கிடைக்கும்?' என்பதுதான். துரை அன்பாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு சொல்லைக் கூடச் சேர்த்தார்.

"காட்டில், உனக்கு, என்ன கிடைக்கும்?"

(இந்த 'உனக்கு'வை நான் மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அது இல்லாவிட்டால் அஞ்சலை தேக்கு, சந்தனம் என்று சொல்லியிருப்பாள். பாஸ் ஆகியிருப்பாள். எனக்கும் கதை இருந்திருக்காது.)

அஞ்சலை யோசித்தாள். கேட்ட கேள்விக்குத்தானே அவள் பதில் சொல்வாள்.

"எனக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க. பால் எல்லாம் ஸ்டோருக்குப் போயிரும்."

துரைக்குக் 'காடு' தெரியும், 'பால்' தெரியும். புலியிடம் கறந்த பாலா என்பதுபோல வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். கையில் பென்சில் அப்படியே நின்றது.

கய்யூமின் மனசில் இருந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த கதவு அப்போதுதான் திறந்தது. இத்தனை காலமும் இந்தப் பிள்ளை, தன்னைப் புல் பிடுங்க அனுப்பப்போகிற இடத்தை இயற்கை அளித்த செல்வம் என்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. எப்படியாவது அவளைப் புத்தகத்துக் காட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று பரபரத்தார்.

"அஞ்சல, அந்த நெரையெல்லாம் போடறதுக்கு முன்னால அங்க என்னம்மா இருந்துச்சு?"

தேக்கு என்று சொல்லமாட்டாளா, மரம் என்றாவது சொல்லமாட்டாளா என்று அவர் ஏங்கினார். அஞ்சலைக்கு இது சுலபமான கேள்வி.

"அப்பவும் காடுதாங்கய்யா. காட்ட வெட்டித்தானே காடு போட்டாங்க."

அவள் சாமர்த்தியமாகப் பேசவில்லை. எதையும் குத்திக்காட்டவில்லை. தோட்டத்தில் எல்லோரும் சொல்கிறபடி சொன்னாள்.

துரையின் காதில் காடு இரண்டு தடவை விழுந்தது. "அவள் என்ன சொல்கிறாள்?" என்று கய்யூமிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

6

இனி கய்யூம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

முதலில் எழுதிய முடிவில் அவர் பொய் சொன்னார். காட்டில் தேக்கும் சந்தனமும் கிடைக்கும் என்கிறாள், துரை. பாஸ். எழுதி முடித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் துரை செவிடரில்லை. தேக்கு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை என்று அவருக்குத் தெரியும். பொய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்ததில் சொல்லுக்குச் சொல் வைத்தார். புத்தகத்துக் காட்டுக்கு உள்ள ஆங்கிலச் சொல்லையே இரண்டு இடத்திலும் போட்டார். துரை அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். உளறல். பாவம், சின்னப் பெண் என்று தலையை ஆட்டிக்கொண்டு பேருக்கு நேரே கோடு கிழித்தார். பிறகு பாக்கியம் அவளுடைய சட்டையை மடித்துப் பைக்குள் வைக்கிற இடம் வந்தது. அங்கே அவள் தன் பலகையை எடுத்து—

(எழுத முடியவில்லை.)

சரியான மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. முதல் காட்டுக்கு ஒரு சொல், இரண்டாம் காட்டுக்கு வேறு சொல். அங்கிருந்த வனத்தை வெட்டிவிட்டு நீங்கள் உங்கள் தோட்டத்தைப் போட்டீர்கள். உண்மை. ஆனால் இரண்டு சொல்லாகப் பிரித்த உடனே அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. காட்டை அழிக்கக் கூடாது என்ற பாடத்தைக் கேட்க வந்த துரை, சிநேகிதரின் பங்களாவில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருக்கிறார். பால் வெட்டுகிறவர் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்பார். பிச்சையும் அந்த மானேஜரின் கீழ்தானே வேலை செய்கிறார்.

ஆக, ஒரு விதமாகச் சொன்னால் அஞ்சலை மக்கு. இன்னொரு விதமாகச் சொன்னால் வாயாடி. தமிழில் அவள் இரண்டுமில்லை.

7

இதற்குமேல் என்னால் முடியாது. நான் தமிழில் எழுதுகிறவன். அந்த வாக்கியம் இந்த மொழியில் வரவேண்டியதில்லை. உங்களுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால் உங்களிடம் விடுகிறேன்.

துரையின் பென்சில் அவள் பேருக்கு நேரே காத்திருக்கிறது. கய்யூம் வாயைத் திறந்துவிட்டார்.

அஞ்சலைக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொல்லப்போவதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாது. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கொஞ்சமும் பயமில்லாமல், புருவத்தை உயர்த்தி, வாத்தியாரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள்.