சவுரியம்மாளின் துடுப்பு

முனிரத்தினத்துக்கு மூக்கு நுனியில் கோபம். அந்த மூக்குக்கென்றே வந்த சோதனைபோல, ஆம்பூரில் அவருடைய முலாம் பட்டறை வாசலில் சவுரியம்மாள் தோல் துண்டுகளைக் கொதிக்கவிட்டு வச்சிரப்பசை காய்ச்சினாள். தச்சர்கள் அதை ஆசையாக வாங்கிப் போனார்கள். இவரோ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திட்டுவார். ஒருநாள், “அடுப்பத் தூக்கிக்கினு ஆத்தோரம் போ!” என்று சொல்லியேவிட்டார். சட்டி, சுள்ளி, துடுப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் பாலாற்றங்கரைக்குப் போய்விட்டாள்.

மறுநாளே பிடித்தது சனி. குதிரைச் சேண வியாபாரி சர்தார் பாஷாவின் வார் மாட்டும் இருநூறு இரும்புப் பக்கிள்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் துத்தநாக முலாம் ஏற்றியாக வேண்டும். கெட்டால் அவர் வேலையெல்லாம் மதராஸுக்குப் போய்விடும். பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். தொட்டியில் பக்கிளைத் தொங்கவிட்டு பாட்டரிக் கம்பியை மாட்டினார். வெளியே எடுத்தால், பக்கிள் முழுக்க வேர்க்குருபோலப் புள்ளிப் புள்ளியாகப் புடைப்பு! உப்பை மாற்றினார், கம்பியைத் தேய்த்தார். வேர்க்குரு அசையவில்லை.

புதன்கிழமை புது மூங்கில் குச்சியால் தொட்டியைக் கலக்கும்போது சுருக்கென்று உறைத்தது. இத்தனை வருஷமும் வாசலுக்குக் கையை நீட்டி, கேட்காமல்கூட எடுத்துக் கலக்கியது பசை படிந்த சவுரியம்மாளின் துடுப்பால் அல்லவா!

வெட்கத்தை விட்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்.

“நாத்தம் அடிக்குமேண்ணா?” என்றாள் அவள். ஆனாலும் ஒரு கட்டி பசையை இலையில் மடித்துக் கொடுத்தாள்.

ஆசை யாரை விட்டது? கட்டியை அப்படியே தொட்டியில் போட்டார். முலாம் கறுத்து, அப்பளமாக உரிந்தது. அவள் நேரில் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரசத்துக்குப் பெருங்காயத்த மூட்டையோட போடுவாங்களா? இதக் கீழ கொட்டிட்டு புதுசா கலக்குண்ணா.”

இந்தமுறை அவள் துடுப்பு நுனியால் ஒரு சுற்றுதான் சுற்றினாள். மேடான இடத்தில் பசை ஒட்டி உட்கார்ந்துகொள்ள, துத்தநாகத்துக்குப் பள்ளத்தை நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பக்கிள் வழவழவென்று வந்தது. முனிரத்தினத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் அவளுடைய அடுப்புக்குத் தம் கையாலேயே கல் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை சர்தார் பாஷா வந்து ஒவ்வொரு பக்கிளாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

“வேலை அருமை. ஆனா இன்னா முனிரத்தினம், வாசல்ல இம்மாம் நாத்தம்? பேஜாரா இல்ல?”

முனிரத்தினம் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

“நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலியே பாய்!”