தொடாத தர்ப்பை

அன்று அவள் கையிலிருந்த தர்ப்பை என் கையைத் தொட்டதா இல்லையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொடவில்லை என்றுதான் என் மனைவி சாந்தாமணி சொல்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் என் முழங்கைக்கு மேலே ஒரு மெல்லிய குறுகுறுப்பு இருந்ததாகவே எனக்கு நினைவு. புகையில் கண் எரிந்துகொண்டிருந்தது; பயம் வேறு. பயந்துபோனவனின் நினைவை எவ்வளவு தூரம் நம்புவது?

அது 1998. ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் புதுவீடு வாங்கியிருந்தோம். கிரகப்பிரவேசத்துக்காக என் மாமனார் கோபாலசாமி பவானியிலிருந்து வந்திருந்தார். அவருடைய தம்பி ஒருவர் வெகுகாலத்துக்கு முன் கிறிஸ்தவரானார். செய்தி கேட்ட அன்றே மாமனார் ஆறுகள் சேரும் கூடுதுறைக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு வீடு திரும்பினாராம். பிற்பாடு அந்தத் தம்பி நிஜமாகவே இறந்தபோது இவர் போகவில்லை. "அவன் செத்து ரொம்ப நாளாச்சு" என்று மட்டும் சொன்னாராம்.

சாந்தாமணி ஒரு வருடமாக சனிக்கிழமைதோறும் செல்வராஜ் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரியாது.

அவளுக்குக் கரு கலைந்தபோது நான் வெளியூரில், காப்பெலில் ஒரு ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அபார்ட்மென்டில் இருந்த நாகர்கோவில்காரர் செல்வராஜும் அவர் மனைவியும்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ரசம் வைத்துக் கொடுத்து, துணி துவைத்துப் போட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவள் வேறு யாரோவாக ஆகியிருந்தாள். அமைதியாக இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் என்னைக் கலவரப்படுத்தியது.

அவளிடம் கேட்கத் தெரியாதவன் நான். நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். ரோமாபுரியில் இந்த மதம் எப்படிப் பரவியது என்பதைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் எடுத்து வந்தேன். படையெடுத்து வரவில்லை, முதல் முந்நூறு வருடம் அரசர்கள் துணையும் இல்லை. கூடாரம் தைப்பவர்கள், கம்பளி நெய்பவர்கள், அடிமைகள், விதவைகள் என்று வீடு வீடாக, அடுக்களை வழியாக வந்திருக்கிறது. கோவில் கூடக் கிடையாது. யாரோ ஒருவர் வீட்டுக் கூடம்தான். கொள்ளைநோய் வந்து சொந்தக்காரர்களே ஓடியபோது, இவர்கள் ஓடாமல் நின்று தண்ணீர் கொடுத்தார்கள் என்று வாசித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரசம் ஞாபகம் வந்தது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு பக்கம். பிடிபட்ட கிறிஸ்தவர்களைக் கொல்ல அதிகாரிகள் பலருக்கு விருப்பமில்லை. சக்கரவர்த்தியின் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம். மனசுக்குள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றுகூடக் கெஞ்சியிருக்கிறார்கள். சில குடும்பத் தலைவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தாங்களே போட்டு மனைவி மக்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒருவன் மனைவியின் கையைப் பிடித்திழுத்துப் போட வைத்திருக்கிறான். நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள் என்று அவள் கத்தினாளாம்.

மாமனார் வந்த மறுநாளே கேட்டார்.

"ஏன் அம்மிணி, நெத்தி வெறுசா இருக்குது?"

"இங்க குங்குமம் வெச்சா அரிக்குதுங்கப்பா."

"அமெரிக்காவுல குங்குமங்கூட அரிக்குமா? மாப்ள, நீங்களே சொல்லுங்."

நான் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஹோமத்தை வீட்டுக்குள் வளர்க்க முடியாது என்பதால் கராஜில் வைத்தோம். கார்களை வெளியே நிறுத்திவிட்டு, கதவைப் பாதி உயர்த்தி, மணல் கொட்டிச் செங்கல் அடுக்கினோம். புகை அலாரங்களின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு விசாலாக்ஷி ஆன்ட்டி மேற்பார்வை பார்த்தார்.

"மாடில இருக்கறதையும் கழட்டுப்பா. எங்காத்துல ஒண்ண மறந்துட்டோம். பூர்ணாஹுதிக்கு ஃபயர் எஞ்சினே வந்துடுத்து! அந்த ஆபீசருக்கு சுண்டல் குடுத்து அனுப்பினோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுக்களையில் நின்றிருந்த சாந்தாமணி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் பக்கத்துல உக்காந்துக்கறேனுங்க. ஆனா எதுவும் போட மாட்டேன்."

"போட வேண்டாம். பக்கத்துல இருந்தா போதும்."

போதாது என்று எனக்கு அப்போது தெரியாது. நான் எத்தனையோ ஹோமங்களில் பிரசாதத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன், ஒன்றையும் கவனித்ததில்லை.

ஹோமம் நடத்த வந்த பசுபதி குருக்கள் உட்கார்ந்ததும் ஒரு தர்ப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். "அம்மா, அவர் ஒவ்வொரு தடவை நெய் விடறச்சேயும் இதால அவர் கையைத் தொட்டுண்டே இருங்கோ. அவர் பண்றது உங்களுக்கும் சேரும்."

அவள் வாங்கிக்கொண்டாள். எதிரில் நாற்காலியில் மாமனார். ஓவியா, எங்கள் ஐந்து வயது மகள், அவர் மடியில்.

நெய் விட்டேன். கடைக்கண்ணால் பார்த்தேன். தர்ப்பையின் நுனி என் கைக்கு ஒரு விரல் தள்ளி அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. மாமனார் அதைத்தான் பார்க்கிறாரா, நெருப்பையா, தெரியவில்லை. வியர்த்தது. நான் கையை ஒரு விரல் நகர்த்தினால் போதும், தொட்டுவிடும். அவளையறியாமல் முடிந்துவிடும். நகர்த்தவில்லை. நகர்த்தியிருப்பேனோ என்ற சந்தேகம்தான் இன்றுவரை அந்தக் குறுகுறுப்பாக இருக்கிறது போலும்.

கடைசியில் பட்டுத்துணியில் கட்டிய தேங்காய். "ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சுக்கோங்கோ."

அவள் கைகள் மடியிலேயே இருந்தன. முகம் வெளுத்திருந்தது. "டாடி, அம்மா இஸ் சிக்?" என்றாள் ஓவியா. நான் எழுந்து, சாந்தாமணியை மறைத்தாற்போல் மாமனாருக்கு முதுகைக் காட்டி நின்று, தேங்காயைத் தனியாகத் தீயில் இறக்கினேன். புகை குப்பென்று எழுந்தது. விசாலாக்ஷி ஆன்ட்டி, "அலாரம் அடிக்கல பாத்தியா!" என்று கைதட்டினார்.

சாயங்காலம் மாமனாரோடு நடக்கப் போனேன். ஆட்களே இல்லாத தெரு. புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும். தெருமுனையில் அவர் நின்றார்.

"எத்தன நாளா மாப்ள?"

"ஒரு வருசமுங்க மாமா."

திரும்பி நடந்தோம். வாசலுக்கு வந்தபோது சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங். அவ வாயால சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. அவகிட்ட சொல்லி வைங்க."

அந்த வயதில், அந்த மனிதர், அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். நிம்மதியில் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பாத்திரத் தொட்டிக் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க முதுகைக் காட்டி மறைச்சீங்க. நானும் மறைஞ்சுக்கிட்டேன். அது எனக்குக் கையால போட்ட மாதிரியே இருக்குதுங்க."

"அவர் தெரியாதுன்னு சொல்லிட்டாரு சாந்தா. இன்னும் நாலு நாள்."

"அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பொறவு யாருக்காக?"

மறுநாள் காலை இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். "வேண்டாம் கண்ணு. சாப்புட்டுக்கறேன். ஒண்ணும் சொல்லாத."

"அப்பா, நான் ஏசுவைக் கும்புடறேனுங்க."

சட்னியை எடுத்த கரண்டி அவர் கையிலேயே நின்றது. தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு மாடிக்குப் போனார். படியேறும் சத்தம். கதவு. பிறகு எங்கள் தலைக்கு மேலே, சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் திறக்கும் சத்தம்.

அவர் காலையிலேயே குளித்திருந்தார்.

சாந்தாமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீர் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, "டிக்கட்ட மாத்திக் குடுங் மாப்ள" என்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

மாமனார் 2000-ஆம் ஆண்டு பவானியில் காலமானார். அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எனக்குத்தான் தகவல் வந்தது. செல்வராஜ் குடும்பம் சான்டா கிளாராவுக்குப் போய்விட்டது. பசுபதி குருக்கள் இங்கேயேதான் இருக்கிறார். விசாலாக்ஷி ஆன்ட்டி இப்போதும் எங்களுக்குச் சுண்டல் தருகிறார். சாந்தாமணி வாங்கிக்கொள்கிறாள், சாப்பிடுவதில்லை. ஓவியாவுக்குத் தாத்தா மடியில் உட்கார்ந்தது மறந்துவிட்டது. ஜெபக் கூட்டம் இப்போது வேறொருவர் வீட்டில்; சாந்தாமணி சனிக்கிழமைகளில் தவறாமல் போகிறாள். நான் வாசல் வரை காரில் கொண்டுபோய் விட்டு, உள்ளே போகாமல் காரிலேயே காத்திருக்கிறேன்.