ஏழாவது வரி

காக்கிச் சட்டை கொடியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. சத்யா அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். வெளியே அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டுச் சத்தம் நின்று நின்று கேட்டது.

"கெடைச்சுச்சா புள்ள?" இராமலிங்கம் மாமா வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "டிரைவருங்க எல்லாம் வந்துட்டாங்க. காக்கிய பாடை மேல போடணுங்கிறாங்க."

"தேடுறேன் மாமா."

வேறு யார் கையிலும் படுவதற்குள் எடுத்தாக வேண்டும். அதன் மேல்பையில் ஒரு காகிதம் இருந்தது.

அப்பா உத்திராபதி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். இரண்டு வருஷமாகக் கையும் காலும் பெருத்துக்கொண்டே போயின. எட்டாம் நம்பர் செருப்பு பத்தானது. கல்யாண மோதிரத்தைக் கீழப்பழுவூர் தட்டார் அறுத்துத்தான் எடுத்தார். "நாப்பது வயசுல வளர்றாரு பாரு எங்க மச்சான்! பொண்ணு வேற பாக்கணும் போலருக்கு" என்று மாமா கேலி செய்யாத நாளில்லை. பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் அப்பாவின் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். முன்னால் இருப்பதும் மங்கியது. அதைச் சத்யாவிடம் மட்டும்தான் சொன்னார்.

"அம்மாகிட்ட மூச்சு விடாத பாப்பா. கண்ணு போச்சுன்னா வண்டி போச்சு."

போன மாசம் கான்ட்ராக்டர் ஆபீசில் கண் டெஸ்ட். இரண்டு நாள் முன்பே சுவரில் எழுத்து அட்டையை மாட்டிவிட்டார்கள். சோறு கொண்டுபோன சத்யா அதைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிவந்தாள். ஏழு வரி. அப்பா குளிக்கும்போதும் ஒப்பித்தார். கடைசி வரி மட்டும் திக்கும். டெஸ்டில் பாஸ் ஆன அன்று பரோட்டா வாங்கிவந்தார்.

முந்தாநாள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறி, வாந்தி எடுத்து விழுந்தார். ஒரு கண் இமை திறக்காமல் தொங்கியது. திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"மூளைக்கு அடியில பயறு அளவுல ஒரு சுரப்பி இருக்குங்க. அதுல கட்டி. கை கால் பெருத்ததும் அதனாலதான். கண்ணு நரம்பையும் அது அழுத்தும். கட்டி வளர வளர, புதுசா ரத்தக்குழாயும் முளைக்க வச்சுக்கும். அதுக்கெல்லாம் பலம் பத்தாது. இவருக்கு உள்ளயே வெடிச்சிருச்சு. கண்ணு மங்கினப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாமே?"

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு சார்," என்றார் மாமா. "போன மாசந்தான் டெஸ்ட்ல பாஸ் பண்ணாரு."

விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

இப்போது சத்யா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் காக்கிச் சட்டை. கையில் பிரித்த காகிதம்.

சத்யாவின் பின்னால், சட்டைக்காகக் கையை நீட்டியபடி, மாமா வழியை அடைத்து நின்றார்.

அம்மா அஞ்சாவது வரை படித்தவள். விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டே கீழே இறங்கினாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"ட... ந... ய... ப... ங..."

நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒன் கையெழுத்துதானடி? சேத்துப் படிச்சா ஒண்ணும் வரலியே. அப்பா எதுக்கு இத வச்சிருந்தாரு?"