கால் அங்குல ரேடியஸ்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஐந்து மதிப்பெண்ணில் பிறந்தது. அயோவாவில் ஒரு கல்லூரியில், ஃபைனைட் எலிமென்ட் அறிமுக வகுப்புக்குத் தாள் திருத்துகிறவன் நான். டார்லா ஹக்ஸ்டெட் கொடுத்த அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஐந்தைக் கழித்தேன். ஏன் என்று கேட்க வந்தவள் சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "நாற்பத்துமூன்று வயதில் படிக்க வந்த டார்லா, கணினி முன்னால் ஒரு குழந்தையைப் போல மிரண்டு…"

(பொய். இருபது வருடம் வெல்டிங் செய்தவள் எதன் முன்னாலும் மிரளமாட்டாள்.)

சரி, இப்படி: புராஜெக்டுக்கு எல்லோரும் சைக்கிள், கொக்கி என்று எடுத்தபோது டார்லா ஓர் எல் வடிவ பிராக்கெட்டை எடுத்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவளே வெட்டியது. விதைப்பு எந்திரத்தின் இரும்புத் தண்டைத் தாங்கிய அது, ஒருநாள் உள்மூலையில் பிளந்தது. தண்டு விழுந்து, கூட வேலை பார்த்த லைலுக்கு இரண்டு விரல் போயிற்று. உடைந்த துண்டுகளைப் பழைய இரும்போடு உருக்கிவிட்டார்கள். தப்பு தன்னுடையதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

3

பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்தம் என்று கணினியைக் கேட்பதுதான் இந்தப் படிப்பு. துண்டு சிறுக்கச் சிறுக்க விடை உண்மையை நெருங்கும் என்பார்கள். இரும்பு சதுர அங்குலத்துக்கு முப்பத்தாறாயிரம் பவுண்டு வரை தாங்கும். டார்லாவுக்கு முதலில் வந்தது முப்பத்தோராயிரம். துண்டுகளைப் பாதியாக்கினாள்: நாற்பத்திரண்டு. மறுபடி பாதி: ஐம்பத்தெட்டு. பிறகு எண்பது. ஒவ்வொரு முறையும் யாரோ அவளைக் கூண்டில் ஏற்றுவதுபோல் இருந்தது.

"டார்லா, விட்டுடுங்க. லேப்டாப் கதறுது," என்றாள் பக்கத்து மேசை டெஸ்ஸா, வயது இருபது.*

"ஏறிக்கிட்டே போகுது பொண்ணே. நான்தான் அவன் விரலை எடுத்திருக்கேன்."

"ஐயோ, மூலையைக் கூரா வரைஞ்சிருக்கீங்க. கூர்மூலைக்கு விடையே கிடையாது. இன்னும் பொடியாக்கினா கோடி வரைக்கும் போகும். நிஜ மூலையில கொஞ்சமாவது வளைவு இருக்கும்ல? அந்த வளைவோட ரேடியஸைப் போடுங்க, நின்னுடும்."

(*டெஸ்ஸாவை முதலில் பேராசிரியராக எழுதினேன். பேராசிரியர்கள் இவ்வளவு சீக்கிரம் விஷயத்துக்கு வருவதில்லை.)

4

பிராக்கெட்டின் பழைய வரைபடத்தில் இருந்த கால் அங்குலத்தைப் போட்டாள். இருபத்தேழாயிரத்தில் நின்றது. எவ்வளவு பொடியாக்கினாலும் அசையவில்லை. தாங்கியிருக்கும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் அதை வெட்டிய அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. வண்டி காத்திருந்தது, எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். மூலையைக் கிரைண்டரால் தேய்த்து உருட்டினாளா, வெட்டியபடியே விட்டாளா? முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம் போட்டுப் பார்த்தாள். அதுவும் அழகாக நின்றது, எழுபதாயிரத்தில்.

5

ஒரு முடிவு: லைல் சாட்சி சொல்கிறான், "நீ கிரைண்டர் ஓட்டின சத்தம் என் காதுல…"

(வேண்டாம். அவன் நல்லவன், அவளுக்காகப் பொய் சொல்வான். அவளுக்கும் அது தெரியும்.)

இன்னொன்று: டார்லா உண்மையாகவே ஃபோன் செய்தாள்.

"லைல், அந்த பிராக்கெட் மூலையை நான் உருட்டினேனா? அறிக்கையில எழுதணும்."

"ஆறு வருஷம் கழிச்சா கேக்குற?"

"சொல்லுடா."

"எனக்குத் தெரியாது, டார்லா. சத்தியமா தெரியாது. எதை எழுதினாலும் எனக்கு எட்டு விரல்தான். ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போறேன், தூண்டில்ல புழு மாட்ட ஆள் வேணும். வர்றியா?"

"வரேன்," என்றாள். இரண்டு கணக்கையும் அறிக்கையில் வைத்து, ரேடியஸ் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டாள்.

6

அந்த ஐந்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கட்டத்தை நான் நிரப்பப் போவதில்லை. உங்களால் முடிந்தால் நிரப்புங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

ரேடியஸ்: ............ அங்குலம்