ஈரம் பட்டால் ஒட்டும் சிவப்பு

பெரிய வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. ஆம்பூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மண்டையைப் பிளக்கிறது. கோயிலுக்குள் முந்நூறு பேர் வேர்த்து வழிந்தபடி நிற்கிறார்கள். ஜெனிஃபாவுக்கு மட்டும் கைகால் சில்லிட்டுப் போயிருந்தது. அவள் வரைந்த ஏசு படத்தைப் பீடத்துப் படியில் சாய்த்து வைத்து, "முத்தி செய்ய வரிசையா வாங்க" என்று கோயில்பிள்ளை மைக்கில் சொன்ன நிமிஷத்திலிருந்து அப்படித்தான்.

அதற்குப் போய் முத்தம் கொடுப்பார்கள் என்று யார் கண்டது? வருஷா வருஷம் மரத்தால் செய்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் ஏசுவைத்தான், இறக்கி வைப்பார்கள். சனங்கள் மண்டியிட்டு அதன் பாதத்தில் முத்தமிடுவார்கள். இந்த வருஷம் பார்த்து அதன் காலைக் கரையான் தின்று வைத்திருந்தது. ஃபாதர் சத்தியநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் மாட்டுவதற்காக ஜெனிஃபா பிளைவுட்டில் வரைந்து கொடுத்த படம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டார். வரைந்தவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை.

ஜெனிஃபா தோல் தொழிற்சாலையில் கலர் மேட்சிங் பார்ப்பவள். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்த ஏசுவை ஃபோனில் பார்த்ததிலிருந்து அவளுக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. அந்த ஏசுவுக்கு உடம்பெல்லாம் மஞ்சள். நிழல் என்பதே இல்லை. தடித்த கோட்டுக்குள் அப்படியே அப்பிய நிறம். சுற்றிலும் மண்டியிட்ட கிராமத்துப் பெண்கள், பின்னால் சிவந்த மரங்கள். அந்த மஞ்சள் அறுப்புக்கு நிற்கிற வயலின் மஞ்சள், சாவுக்குள்ளே ஒரு விளைச்சல் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதைத் தன் ஊருக்கு மாற்றினாள். பெண்களுக்குத் தோல் ஊறவைக்கிற இடத்தில் போடும் ரப்பர் பூட்ஸ் போட்டாள். பாதத்தின் ஆணிக்காயத்தை, பார்க்கிறவன் திடுக்கிட வேண்டும் என்று, பெரிதாகச் சிவப்பில் வைத்தாள். மாதா சபைத் தலைவி சவுரியம்மாள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, ஏசுவுக்கு மஞ்சக்காமாலையா?"

அந்த மஞ்சளும் சிவப்பும் கடையில் கிடைக்கிற நிறமில்லை. ஈயம் கலந்த பழைய பிக்மென்ட். குழந்தைகள் ஷூவுக்கு இது ஆகவே ஆகாது என்று வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதால் கம்பெனி ஒதுக்கிவைத்த டப்பாக்கள். சூப்பர்வைசர் தபரேஸ் பாயிடம் கெஞ்சி வாங்கினாள். "எடுத்துக்கம்மா. வாயில கீயில பட்டுடப் போவுது, சொல்லிட்டேன்" என்றுதான் அவரும் கொடுத்தார். தோலில் அடித்த கலர் கையில் ஒட்டாமலிருக்க மேலே லேக்கர் அடிப்பார்கள். அதை அடித்தால் பளபளக்கும், நிறத்தின் முரட்டுத்தனம் போய்விடும். சுவரில் தொங்குவதை யார் தொடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். ஃபினிஷிங்கில் பத்து வருஷம் குப்பை கொட்டியவள் செய்கிற காரியமா இது!

சவுரியம்மாள்தான் முதல் ஆளாக மண்டியிட்டாள். எழுந்து திரும்பியபோது அவள் உதடு சிவந்திருந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று யாரோ அலறினார்கள். கிழவி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். "ஆண்டவரே, என்னயா பாத்தே!" என்று தரையில் விழுந்து கதறினாள். மஞ்சக்காமாலை என்று சொன்ன அதே வாய்.

வரிசை போன இடம் தெரியவில்லை. கைக்குட்டையும் துப்பட்டாவுமாகச் சனம் படத்தின்மேல் பாய்ந்தது. ஃபாதர் மைக்கில் "அமைதி, அமைதி" என்கிறார், யார் கேட்டது? ஜெனிஃபா பீடத்தை நோக்கி இரண்டடி வைத்தாள், நின்றாள். சொல்லிவிட வேண்டும். சொன்னால்? சாமியை வைத்து ஏமாற்றினவள் என்பார்கள். இந்தக் கூட்டம் இருக்கிற இருப்புக்கு அடித்தே போட்டுவிடும். மூன்றாவது வரிசையில் அம்மா வேறு கைகூப்பி அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு முத்தத்தில் யார் சாகப்போகிறார்கள், துடைத்துக்கொண்டால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றாள்.

அப்போதுதான் மேகலா தெரிந்தாள். அதே கம்பெனியில் தையல் பிரிவு. அவளுடைய இரண்டு வயதுப் பெண் யாழினிக்கு வலிப்பு. சோளிங்கர் மலை ஏறியாயிற்று, தர்காவில் மந்திரித்தாயிற்று, வேலூரில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தாயிற்று. இன்றைக்குக் குழந்தையோடு இங்கே வந்திருந்தாள். முந்தானையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, படத்தின் காயத்தை அழுத்தித் துடைத்து, திரும்பப் பாட்டிலுக்குள்ளேயே பிழிந்தாள். தண்ணீர் சிவந்தது.

"தெனம் ஒரு ஸ்பூன் குடு, புள்ள பொழைச்சிக்கும்" என்றாள் சவுரியம்மாள்.

மேகலா மூடியில் ஊற்றினாள். குழந்தை வாயைத் திறந்தது.

ஜெனிஃபா எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் தட்டிவிட்டதில் பாட்டிலும் மூடியும் தரையில் உருண்டன. "குடுக்காதக்கா! பெயிண்ட்டுக்கா அது, விஷம்!"

முதுகில் பளாரென்று ஒரு அடி விழுந்தது. யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். "சாமி ரத்தத்தக் கொட்டிட்டா!" அவள் திமிறிக்கொண்டு போய், கொட்டின தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, காயத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள். கம்பெனியில் தோலில் கலர் நிற்கிறதா என்று பார்ப்பது போலவே, பத்துத் தேய்ப்பு. காயம் கரைந்தது. பாதத்து மஞ்சளும் கரைந்து, அடியில் வெறும் பலகை தெரிந்தது. கையை விரித்துத் தூக்கிக் காட்டினாள்.

முக்கால்வாசிப் பேர் தோல் கம்பெனி ஆட்கள். ஈரத்தில் தேய்த்தால் கையில் ஒட்டுகிற கலர் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. சவுரியம்மாள் உதட்டைப் புறங்கையால் பரபரவென்று துடைத்தாள்.

"எம்மேல தப்பு. லேக்கர் அடிக்கல" என்றாள் ஜெனிஃபா. மேகலா பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுக்கா. ஒரு சொட்டு கூட உள்ள போவல இல்ல?"

மேகலா குழந்தையின் வாயை விரலால் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அவள் திட்டவில்லை.

"நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, ஜெனி?" என்றாள். "ஒரே ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேனே."